குடிக்கு முன்னால் தூக்கம் போனதா?

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. மூன்று வருடமாகக் குடி. போன தையில் ஐந்து நாள் கண்ணே மூடவில்லை. கடையை விற்று லாரி வாங்கப் போகிறேன் என்று இரண்டு பேரிடம் அட்வான்ஸும் கொடுத்துவிட்டான். மாசி முழுக்கப் பாயை விட்டு எழவில்லை. பைபோலார் (மனம் அளவு மீறிப் பொங்குவதும் அடியோடு சோர்ந்துபோவதும் மாறி மாறி வரும் நோய்) என்று சொல்லி, அதற்கு லித்தியம் என்ற மருந்து கொடுத்திருக்கிறார்கள். எங்கள் சித்தப்பாவும் குடித்தே போனவர். இது ரத்தத்தில் வருவதா? என் ஏழு வயது மகளுக்கும் வருமா? ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா?
- பெயர் வேண்டாம், ஒட்டன்சத்திரம்

பதில்: சித்தப்பாவை 'குடித்தே போனவர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே அம்மா. அவர் குடிக்கத் தொடங்குவதற்கு முன்னால் எப்படி இருந்தார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். நானே இதில் ஏமாந்தவன். படிக்கிற காலத்தில் வார்டுக்கு வந்த ஒருவரை மூன்று தடவை 'குடி' என்று எழுதி அனுப்பினேன். நாலாவது தடவை அவர் மனைவி சொன்னார்: "குடிக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே தூக்கம் போயிருது சார்." நோய் முதலில், குடி பிறகு.

இப்படிக் குடியானது பைபோலாரை மறைத்துவிடும். அந்தத் தொல்லை குறைவான இடம், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஜானிஸ் எக்லண்ட் என்ற ஆய்வாளர் ஆராய்ந்த ஆமிஷ் மக்கள். குதிரை வண்டியில் போகும் கிறிஸ்தவ விவசாயிகள். குடி அபூர்வம், வம்சாவளிக் குறிப்புகள் பத்திரமாக இருந்தன. ஜீன்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்களில் 11ஆவதில் பைபோலாருக்குக் காரணம் சிக்கிவிட்டது என்று 1987இல் அறிவித்தார்கள். அதே வம்சத்தில் இன்னும் சிலரைச் சேர்த்து 1989இல் பார்த்தபோது கணக்கு உதைத்தது. ஒற்றை ஜீன் வேட்டை அப்படித்தான் முடிந்தது. 2021இல் வந்த பெரிய ஆய்வு, மரபணுத் தொகுதியில் 64 இடங்களைக் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். அந்தத் துளிகளில் ஒரு பகுதி குடிக்கு அடிமையாகும் போக்கோடும் பொதுவானது. ஒரே வீட்டில் இரண்டும் சேர்ந்து வருவதற்கு அதுவும் ஒரு காரணம். அமெரிக்காவில் 1990இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், பைபோலார் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் மதுவிலோ போதையிலோ சிக்கியிருந்தார்கள்.

அதனால் ஜீன் டெஸ்டுக்குக் காசைக் கொட்டாதீர்கள். அது ஆம், இல்லை என்று சொல்லாது. அம்மா அல்லது அப்பாவுக்கு இந்த நோய் இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை. உங்கள் மகளுக்கு அவன் தாய்மாமன்தானே, இன்னும் குறைவு. ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட மற்றவருக்குக் கட்டாயம் வருவதில்லை. அவள் பெரியவளாகும்போது ராத்திரித் தூக்கத்தைக் கவனியுங்கள். மதுவோ கஞ்சாவோ மற்றவர்களைவிட அவளுக்கு ஆபத்து என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

தம்பி விஷயம்தான் அவசரம். தினமும் குடிப்பவன் என்றால் வீட்டிலேயே திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள், வலிப்பு வரலாம். டாக்டர் மேற்பார்வையில் நிறுத்தட்டும். லித்தியம் எடுக்கிறவர் குடித்து, வாந்தி எடுத்து, உடம்பில் தண்ணீர் வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். கை நடுங்கும், நாக்கு குழறும், நடை தள்ளாடும். பார்ப்பதற்கு அசல் போதை மாதிரியே இருக்கும். 'தெளியட்டும்' என்று படுக்க வைத்துவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், லித்தியம் சாப்பிடுகிறான் என்பதை முதலில் சொல்லுங்கள்.