இதை யார் பாத்துக்குறாங்க? ஓப்பன் சோர்ஸ், கோடிங் பழக்கம் பத்தி கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, எக்ஸ்இசட் டூல்ல பேக்டோர் (ரகசிய பின்வாசல்) வச்ச கதையை இப்பவும் பேசுறாங்க. ஓப்பன் சோர்ஸ்னா யார் வேணா கோடு பாக்கலாம்னு சொல்றீங்களே, அப்புறம் அது எப்படி உள்ள போச்சு?

பதில்: பாக்கலாம்ங்கறது வேற, பாக்குறாங்கங்கறது வேற தம்பி. எக்ஸ்இசட் யூட்டில்ஸ்ங்கறது ஃபைலை சுருக்குற டூல், கிட்டத்தட்ட எல்லா லினக்ஸ்லயும் இருக்கு, அதை வருஷக்கணக்கா லாஸ்ஸே காலின்னு ஒருத்தர் சம்பளம் எதுவும் இல்லாம பாத்துக்கிட்டு இருந்தாரு. ரொம்ப நாளா மனசு சரியில்லன்னு 2022ல அவரே வெளிப்படையா எழுதினாரு. அந்த சமயத்துலதான் ஏன் இவ்ளோ லேட்டு, வேற மெயின்டெய்னர் (ப்ராஜெக்டை பாத்துக்குறவர்) போடுங்கன்னு சில அக்கவுன்ட்டுங்க அவரை நெருக்குது, இன்னொரு பக்கம் ஜியா டான்ங்கற பேர்ல ஒரு ஆளு 2021ல இருந்தே ஒழுங்கா பேட்ச் (கோடு திருத்தம்) அனுப்பி நம்பிக்கை சம்பாதிக்கிறாரு, கடைசில ரிலீஸ் பண்ற உரிமையும் அந்தப் பேருக்கே போயிடுச்சு. 2024 பிப்ரவரில வந்த 5.6.0ல பேக்டோர் உள்ள வந்துச்சு. டெஸ்ட் ஃபைல்னு சொல்லி போட்ட, படிச்சா புரியாத பைனரிக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தாங்க. அதை பில்டுல (கோடை ஓடுற ப்ரோக்ராமா மாத்துறப்போ) இழுத்து விடுற ஸ்கிரிப்ட் எல்லாரும் பாக்குற கிட் ரெப்போல (கோடு கிடங்கு) கிடையாது, ரிலீஸுக்கு கட்டி வைக்கிற டார்பால் ஃபைல்ல மட்டும்தான் இருந்துச்சு, அதனால ரெப்போவை வரிவரியா படிச்சவங்களுக்கும் சிக்கியிருக்காது.

புடிச்சது ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டெவலப்பர். எஸ்எஸ்ஹெச் (வேற கம்ப்யூட்டருக்குள்ள பாதுகாப்பா போற வழி) லாகின் அரை செகண்ட் கூட எடுக்குதேன்னு விடாம நோண்டி, மார்ச் 29 அன்னிக்கு எல்லாருக்கும் சொல்லிட்டாரு. சோர்ஸ் கையில இருந்ததாலதான் அவரால அவ்ளோ தூரம் போக முடிஞ்சுது, அதனால ஓப்பன் சோர்ஸ் மேல எனக்கு நம்பிக்கை குறையல. ஆனா ஒரு லைப்ரரி (அடுத்தவங்க எழுதி வச்ச ரெடிமேட் கோடு) எடுக்குறதுக்கு முன்னாடி ஸ்டார் (லைக் மாதிரி) எத்தனைன்னு பாக்காதீங்க. இதை யார் பாத்துக்குறாங்க, எத்தனை பேரு, அவங்க பொழப்புக்கு வழி என்னன்னு பாருங்க.

கேள்வி: சார், எங்க ப்ராஜெக்ட்ல சின்ன சின்ன வேலைக்கெல்லாம் என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் கோடு கிடங்கு) பேக்கேஜ் போட்டு வச்சிருக்காங்க. இது சரியா?

பதில்: 2016 மார்ச்ல லெஃப்ட்-பேட் பேக்கேஜ் விஷயம் நடந்துச்சு இல்லையா, ஒரு ஸ்ட்ரிங்குக்கு இடது பக்கம் ஸ்பேஸ் நிரப்புற 11 வரி கோடு, எழுதினவர் கோச்சுக்கிட்டு என்பிஎம்ல இருந்து தூக்கிட்டாரு, பேபல் (புது ஜாவாஸ்கிரிப்டை பழசா மாத்துறது) மாதிரி பெரிய டூல்லாம் அதை நம்பி இருந்ததால உலகம் பூரா பில்டு ஃபெயில் ஆச்சு. பத்து வரில முடியுறதை நாமளே எழுதி ரெண்டு டெஸ்ட் போட்டா போதும். ஆனா என்கிரிப்ஷன், டைம்ஸோன் ரெண்டையும் சொந்தமா எழுதவே எழுதாதீங்க, அதெல்லாம் பல பேர் பல வருஷமா அடிபட்டு சரி பண்ணி வச்சது. லாக் ஃபைலை (எந்த பேக்கேஜ் எந்த வெர்ஷன்னு குறிச்சு வைக்கிறது) கட்டாயம் கமிட் (ரெப்போல பதிவு) பண்ணுங்க.

கேள்வி: கோடு வரியை உள்ள தள்ளி எழுத டேப்பா ஸ்பேஸாண்ணா?

பதில்: ஃபார்மேட்டர் (கோடை தானா ஒழுங்கு பண்ற டூல்) போடுங்க, அது சொல்றதை கேளுங்க.

கேள்வி: அண்ணா நான் தேர்ட் இயர். ப்ளேஸ்மென்ட்டுக்கு ஓப்பன் சோர்ஸ் கான்ட்ரிப்யூஷன் இருந்தா நல்லதுன்னு சொல்றாங்க. எங்க ஆரம்பிக்கிறது?

பதில்: முதல்ல எப்படி ஆரம்பிக்கக் கூடாதுன்னு சொல்லிடுறேன். 2024 ஆரம்பத்துல எக்ஸ்பிரஸ்ங்கற வெப் ஃப்ரேம்வொர்க் ரெப்போவுக்கு நம்ம நாட்டுப் பசங்க கூட்டம் கூட்டமா ரீட்மீல (அறிமுக ஃபைல்) தன் பேரை சேத்து புல் ரிக்வெஸ்ட் (இந்த மாத்தத்தை சேத்துக்கோங்கன்னு கோரிக்கை) அனுப்பினாங்க, ஒரு பாடத்துல அந்த ரெப்போவை உதாரணமா காட்டினதால. பசங்க மேல எனக்கு கோவம் இல்ல, சொல்லிக் குடுக்குறவங்கதான் யோசிச்சிருக்கணும், ஒவ்வொன்னையும் உக்காந்து மூடுறது ஒரு மனுஷன்.

நீங்க தினமும் யூஸ் பண்ற ஒரு டூலை எடுங்க. சோர்ஸ்ல இருந்து பில்டு பண்ணுங்க, அதுலயே ரெண்டு இடம் உதைக்கும், டாக்குமென்டேஷன்ல அது இல்லன்னா அதுவே உங்க முதல் பேட்ச். அப்புறம் பதில் இல்லாம கிடக்குற இஷ்யூ (பிழைப் புகார்) ஒன்னை எடுத்து, என் மெஷின்லயும் வருது, இந்த வெர்ஷன்ல வருது, இப்படி பண்ணா வருதுன்னு எழுதுங்க. ஒரு வரி கோடு இல்ல, ஆனா மெயின்டெய்னருக்கு அதுதான் பெரிய உதவி, அப்படி நாலு தடவை பண்ணா உங்க பேரு அவருக்கு ஞாபகம் இருக்கும். கமிட் மெசேஜ்ல என்ன மாத்தினீங்கன்னு எழுதறதை விட ஏன் மாத்தினீங்கன்னு எழுதுங்க, என்ன மாறுச்சுன்னு டிஃப்லயே (பழசு, புதுசு வித்தியாசம்) தெரியுது.

கேள்வி: லைசென்ஸ் ஜிபிஎல்லா எம்ஐடியா? உங்க கருத்து என்ன?

பதில்: சின்ன லைப்ரரின்னா எம்ஐடி (எப்படி வேணா பயன்படுத்தலாம்), முழு அப்ளிகேஷன்னா ஜிபிஎல் (மாத்தி வெளியிட்டா கோடையும் தரணும்) பக்கம்தான் நான். ஆனா லைசென்ஸை விட கோடு யார் பேர்ல இருக்குங்கறது முக்கியம். ரெடிஸ்ங்கற டேட்டாபேஸ் பல வருஷம் பிஎஸ்டில (எம்ஐடி மாதிரி தாராளமான லைசென்ஸ்) இருந்துச்சு, 2024 மார்ச்ல கம்பெனி லைசென்ஸை இறுக்கி மாத்திச்சு, சில நாள்லயே லினக்ஸ் ஃபவுண்டேஷன் கீழ வால்கீன்னு ஃபோர்க் (அதே கோடுல பிரிஞ்ச தனி ப்ராஜெக்ட்) வந்துடுச்சு. 2025 மே மாசம் ரெடிஸ் ஏஜிபிஎல்லையும் (ஜிபிஎல் வகை லைசென்ஸ்) சேத்துக்கிச்சு, ஆனா போன டெவலப்பர்ங்க வால்கீலயே வேலை செய்யறாங்க. ஃபோர்க் பண்ற உரிமை இருந்ததால யூஸர்ஸ் யாரும் நடுத்தெருவுல நிக்கல.

கேள்வி: ப்ரோ ஏஐ எழுதின கோடை அனுப்பலாமா?

பதில்: உங்களால விளக்க முடிஞ்சா அனுப்புங்க. கர்ல் (நெட்ல டேட்டா அனுப்ப, எடுக்க உதவுற டூல்) ப்ராஜெக்டுக்கு ஏஐ எழுதிக் குடுத்த பொய் செக்யூரிட்டி ரிப்போர்ட்டா வந்து குவிஞ்சு, அதைப் பாத்துக்குற டேனியல் ஸ்டென்பெர்க் டீம் 2026 ஜனவரியோட பவுன்ட்டியையே (பிழை கண்டுபிடிச்சா குடுக்குற பரிசு) நிறுத்திட்டாங்க. அதே கர்ல்ல, ஏஐ டூல் வச்சு ஆராஞ்சு ஒருத்தர் அனுப்பின லிஸ்ட்ல இருந்து நிஜமான பிழைகளையும் சரி பண்ணாங்க. ரிவ்யூல கேள்வி கேட்டா அதையும் காப்பி பண்ணி ஏஐகிட்ட கேட்டு பதில் போடுறது மட்டும் வேண்டாம், அந்தப் பக்கம் இருக்கறவங்க நேரத்தை திருடுற மாதிரி அது.

கேள்வி: பைத்தான்ல தமிழ்ங்கற சொல்லுக்கு நீளம் 5னு வருது. இது பிழையா?

பதில்: பிழை இல்ல, அது யூனிகோட் குறியீடுகளை எண்ணுது, த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. எழுத்துக் கணக்கு 3 வேணும்னா ஓப்பன்-தமிழ் லைப்ரரில எழுத்தா பிரிச்சுத் தர்ற ஃபங்ஷன் இருக்கு. கூடவே ஒன்னு, கொ மாதிரி எழுத்தை ரெண்டு விதமா சேமிக்கலாம், ஒகரக் குறி ஒரே குறியீடாவும் வரும், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாவும் வரும். ஸ்க்ரீன்ல ஒன்னு மாதிரிதான் தெரியும் ஆனா தேடினா கிடைக்காது. அதனால டேட்டாபேஸ்ல போடுறதுக்கு முன்னாடியும் தேடுறதுக்கு முன்னாடியும் என்எஃப்சி நார்மலைஸ் (எல்லாத்தையும் ஒரே வடிவமா மாத்துறது) பண்ணிடுங்க.