சைட்கார் பந்தய வண்டி: பி.எஸ்.ஏ. ஏ65 கேள்வி-பதில்

கேள்வி: ஏ65 (பி.எஸ்.ஏ.யின் இரட்டைச் சிலிண்டர் பைக்) இன்ஜினில் கனெக்டிங் ராட், அதாவது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு, இன்ஜின் கேஸை உடைத்துக்கொண்டு வெளியே வரும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஆனால் பழி ராட்மேல் இல்லை, டைமிங் கியர் இருக்கும் பக்கத்தில் கிராங்கைத் தாங்கும் மெயின் புஷ்மேல். கிராங்குக்குப் போகும் ஆயில் முழுக்க அந்த புஷ் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. புஷ் தேய்ந்தால் பாதி ஆயில் அங்கேயே கசிந்துவிடும். கடைசியில் இருக்கும் டிரைவ் பக்கத்து பிக்-எண்ட் (ராட் கிராங்கைப் பிடிக்கும் பேரிங்) காய்ந்து பிடித்துக்கொள்ளும். ராட் உடைவது அதற்கப்புறம்.

புஷ்ஷை எடுத்துவிட்டு ரோலர் பேரிங் போட்டு, கிராங்கின் முனை வழியாக ஆயிலை நேராக விடுங்கள். செலவு பிடிக்கும்தான், உடைந்த கேஸுக்கு ஜோடி தேடி அலைவதைவிடக் குறைவு. கிராங்க் வெளியே இருக்கும்போதே அதனுள் ஆயில் கசடு தேங்கும் குழாயையும் கழற்றுங்கள். கசடு கெட்டி மெழுகுபோல் அப்பியிருக்கும், பெட்ரோல் ஊற்றிக் கழுவினால் போகாது. சுரண்டித்தான் எடுக்க வேண்டும். குழாயின் மூடியைத் திரும்பப் பூட்டியதும் ஓரத்தில் பஞ்ச் வைத்துத் தட்டி விடுங்கள், கழன்று வராது.

பழைய துத்தநாக வார்ப்பு ஆயில் பம்ப் என்றால் நட்டை முறுக்கித் தள்ளாதீர்கள். உடல் நெளிந்து பல்சக்கரம் இறுகும். ஒவ்வொரு முறை இறுக்கியதும் கையால் சுற்றிப் பாருங்கள்.

கேள்வி: நேர்ப்பாதையில் வண்டி நன்றாக இழுக்கிறது, வளைவில் மட்டும் ஒரு சிலிண்டர் திணறுகிறது.

சோலோ பைக் வளைவில் சாயும், சைட்கார் சாயாது. அதனால் கார்பரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். மோனோபிளாக் வகைக் கார்பரேட்டரில் ஃப்ளோட் (பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) அறை, பெட்ரோல் போகும் துளையான ஜெட்டுக்குப் பக்கவாட்டில் இருக்கிறது, தொல்லை அதிகம். ஜெட்டைச் சுற்றியே ஃப்ளோட் இருக்கும் கான்சென்ட்ரிக் வகை பரவாயில்லை. உறுதி செய்ய, வளைவை முடித்ததும் கிளட்சைப் பிடித்து இன்ஜினை நிறுத்தி இரண்டு பிளக்கையும் பாருங்கள்: ஒன்று வெளுத்து, மற்றது பழுப்பாக இருக்கும். ஆயில் டேங்க்கிலும் இதே கதைதான். உள்ளே தடுப்புத் தகடு வையுங்கள்.

கேள்வி: இக்னிஷன் டைமிங் (பிளக்கில் தீப்பொறி வரும் நேரம்) எவ்வளவு?

முழு அட்வான்ஸில் (தீப்பொறி மிக முன்னதாக வரும் நிலையில்), பிஸ்டன் உச்சிக்கு வரும் முன் கிராங்க் சுழற்சியில் 34 டிகிரி. டிகிரி டிஸ்க் மாட்டி, ஸ்ட்ரோப் விளக்கு அடித்து இரண்டு சிலிண்டரையும் தனித்தனியே பாருங்கள்.

கேள்வி: இந்த இன்ஜின் பெரிய பந்தயம் எதுவும் ஜெயித்திருக்கிறதா?

1968 ஐல் ஆஃப் மேன் டி.டி.யில் (டூரிஸ்ட் டிராபி சாலைப் பந்தயங்கள்) 750 சிசி சைட்கார் பந்தயத்தை டெர்ரி வினிகோம்ப், ஜான் ஃப்ளாக்ஸ்மன் ஜோடி பி.எஸ்.ஏ.யில்தான் ஜெயித்தது.

கேள்வி: நாலு சுற்றில் கை ஓய்ந்துவிடுகிறது.

சோலோ ஃபோர்க்கை அப்படியே விட்டிருப்பீர்கள். ட்ரெயில் அதிகம், அதாவது ஸ்டியரிங் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்; அதனால் ஸ்டியரிங் கனக்கும். லீடிங் லிங்க் ஃபோர்க் (சக்கரத்தை முன்னால் நீளும் கைகள் தாங்கும் வகை) போட்டு ட்ரெயிலைப் பாதியாகக் குறையுங்கள். ஹேண்டில் உதறினால் உதறலை அடக்கும் ஸ்டியரிங் டேம்பர் மாட்டுங்கள்.