எந்த அந்தோணி?
வாசகர் கேள்வி – பதில்

மகனுக்கு அகிலன் என்று பெயர் வைக்க ஆசை. "புனிதர் பேர் இல்லாம ஞானஸ்நானம் கிடையாது, அந்தோணின்னு வை" என்கிறார் மாமியார். கோவிலில் மறுப்பார்களா?
– வாசகி, காட்பாடி

மறுக்க மாட்டார்கள். மாமியார் சொல்வதும் பொய்யில்லை, பழைய சட்டம். பெற்றோர் புனிதர் பெயர் வைக்காவிட்டால் பங்குசாமியே ஒன்றைச் சேர்த்து, இரண்டு பெயரையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றது 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். 1983 சட்டம் (எண் 855) கேட்பது ஒன்றுதான்: கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் கூடாது. அகிலனுக்கு அதனால் ஒரு தடையும் இல்லை.

'அந்தோணி அகிலன்' என்று வைத்தால் வீட்டில் சண்டையும் ஓயும், பிள்ளைக்கு ஒரு பாதுகாவலரும் கிடைப்பார். ஆனால் வைக்கிற பெயர் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கட்டும். பிறப்புச் சான்றில் 'அகிலன்', ஞானஸ்நானப் பதிவேட்டில் வெறும் 'அந்தோணி' என்றால், வினை கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கும்போதுதான் (கோவிலில் கல்யாண அறிவிப்புச் செய்யும்போதுதான்) வரும். அகிலனைத் தேடினால் பதிவேட்டில் ஆள் இருக்க மாட்டான். அப்போது பங்குசாமி நினைத்தபடி அடித்துத் திருத்தவும் முடியாது.

அதனால் முதலில் பிறப்புச் சான்றை முடியுங்கள். பிறந்து 12 மாதத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு 15 வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். அதில் உள்ள எழுத்தை அப்படியே, தமிழிலும் ஆங்கிலத்திலும், ஒரு தாளில் எழுதிப் பங்கு அலுவலகத்தில் கொடுங்கள். கூடவே பிறந்த தேதி, ஊர், பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயர்கள். குழந்தை வீறிட்டு அழும்போது வாயால் சொன்ன பெயர் அந்தோணியா, அந்தோனியா, ஆன்டனியா என்று எழுதுகிறவருக்கு எப்படித் தெரியும்?

பையன் பெயர் ஜான். நாமத் திருநாள் (அந்தப் பெயருள்ள புனிதரின் திருநாள்) ஜூன் 24 என்கிறார் பாட்டி, டிசம்பர் 27 என்கிறார் என் கணவர், பிப்ரவரி 4 என்கிறார் உபதேசியார். எது சரி?
– வாசகி, ஆரணி

மூன்றும் சரி. ஜானைத்தான் தமிழில் அருளப்பர் என்கிறோம். ஜூன் 24 ஸ்நாபக அருளப்பர் பிறந்த நாள். டிசம்பர் 27 நற்செய்தி எழுதிய அருளப்பர். பிப்ரவரி 4, 1693-இல் ஓரியூரில் தலை வெட்டுண்ட அருளானந்தர், அவரும் ஜான்தான். சலேசிய சாமிமார்கள் உழைத்த நம் பக்கத்தில் நான்காவதாக ஜனவரி 31, ஜான் போஸ்கோவையும் சேர்க்க வேண்டும். நால்வரில் ஒருவரை நீங்கள்தான் தேர்ந்து சொல்ல வேண்டும். தூங்கப்போகும் பிள்ளைக்கு யார் கதையை உங்களால் அலுக்காமல் சொல்ல முடியுமோ அவரையே தேர்ந்துகொள்ளுங்கள்.

அந்தோணியிலும் இதே குழப்பம் உண்டு. சுரூபத்தைப் பாருங்கள். கையில் குழந்தை இயேசுவும் லீலி மலரும் இருந்தால் பதுவை அந்தோணியார், ஜூன் 13. தாடியும் கோலும் மணியும், காலடியில் பன்றியும் இருந்தால் வனத்து அந்தோணியார், ஜனவரி 17. தெரசாவில் மூவர்: சிலுவையும் ரோஜாவும் ஏந்தியவர் குழந்தை தெரசாள் (அக்டோபர் 1), இறகுப் பேனா பிடித்தவர் அவிலா தெரசாள் (அக்டோபர் 15), நீலக்கரைச் சேலை கட்டியவர் கொல்கத்தா தெரசா (செப்டம்பர் 5).

பிறந்த தேதியை வைத்துப் புனிதரைத் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பாட்டியின் பழைய செபப் புத்தகத்தை நம்பாதீர்கள். 1969-இல் நாட்காட்டியைத் திருத்தியபோது தோமையார் டிசம்பர் 21-லிருந்து ஜூலை 3-க்கும், மோனிக்கம்மாள் மே 4-லிருந்து ஆகஸ்டு 27-க்கும் மாறிவிட்டார்கள். பிலோமினாள் திருநாளை 1961-லேயே எடுத்துவிட்டார்கள். அதற்காகப் பிலோமினாக்கள் பெயரை மாற்ற வேண்டியதில்லை.

லூர்து என்பது ஊர்ப் பெயர்தானே, புனிதர் பெயராகுமா?
– வாசகர், சேத்துப்பட்டு

லூர்து மாதா கோவிலுக்குப் பேர்போன சேத்துப்பட்டிலிருந்தா இந்தக் கேள்வி! பெயருக்குரியவர் மாதா, நாள் பிப்ரவரி 11. ஆரோக்கியம் (செப்டம்பர் 8), சகாயம் (ஜூன் 27), ஜெபமாலை (அக்டோபர் 7), அமலோற்பவம் (டிசம்பர் 8) எல்லாம் இதே வகை. தாத்தா பெயர் ராயப்பன் என்றால் அதுவும் புனிதர் பெயர்தான். தெலுங்கில் ராயி என்றால் கல். பேதுரு என்றாலும் பாறை. பவுல் என்றால் சின்னவர், அதனால் சின்னப்பன்.

பிள்ளையின் உறுதிபூசுதலுக்கு (ஞானஸ்நானம் பெற்றவரை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு) புதுப் பெயர் வேண்டுமா? ஞானத்தாயாக நானே நிற்கலாமா, அல்லது என் சி.எஸ்.ஐ. தோழி நிற்கலாமா?
– வாசகி, குடியாத்தம்

புதுப் பெயர் கட்டாயமில்லை, ஞானஸ்நானப் பெயரே போதும். பெற்ற தாய் ஞானத்தாயாக முடியாது. 16 வயது முடிந்த, உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்ற கத்தோலிக்கர் வேண்டும். ஞானஸ்நானத்தின்போது நின்றவரே வந்தால் இன்னும் நல்லது. தோழி சி.எஸ்.ஐ. சபையார், கத்தோலிக்கர் இல்லை; அதனால் இதற்கு நிற்க முடியாது. அடுத்த குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு அழையுங்கள்: கத்தோலிக்க ஞானத்தாயோ ஞானத்தந்தையோ ஒருவர் உடன் இருந்தால் அவர் சாட்சியாக நிற்கலாம். பதிவேட்டிலும் 'சாட்சி' என்றே எழுதுவார்கள்.