மகளுக்குப் பலம் போதாது என்கிறார்களா?

அம்மா, உங்கள் மகளுக்கு அறிவியலில் நல்ல மதிப்பெண். கையில் எதையாவது செதுக்கிக்கொண்டே இருக்கிறாள். யாருக்காவது வலித்தால் இவள் கண் கலங்குகிறது. "மனசு ரொம்ப மெலிசு, எப்படியாவது டாக்டருக்குப் படிக்க வையுங்கள், பலம் தானாக வரும்" என்று அவளுடைய பெரியப்பா நெருக்குகிறார்.

உங்கள் கவலை நியாயமானது. பெரியப்பாவின் கணக்கு தவறு. கண் கலங்கிய பிறகும் எடுத்த வேலையை முடிக்கிறாளா என்று பாருங்கள், மனபலம் தெரிந்துவிடும். பெரியவர்கள் கூடியிருந்த இடத்தில் "எனக்கு அது வேண்டாம்" என்று மரியாதை குறையாமல் சொன்னாளே, அதற்கு நெஞ்சுரம் வேண்டும். மூன்றாவது முறையாக மருத்துவ நுழைவுத்தேர்வு எழுத வைத்தால் இரண்டும் தேய்ந்துதான் போகும்.

செயற்கைக் கை, கால்களும் தாங்கு கருவிகளும் செய்து பொருத்தும் படிப்பு ஒன்று இருக்கிறது: புராஸ்தெடிக்ஸ், ஆர்த்தாடிக்ஸ். முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவருக்கு என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். எஞ்சிய காலுக்கு மெல்லிய உறை மாட்டி, எலும்பு துருத்தும் இடங்களை அழியாத பென்சிலால் குறித்து, நனைத்த பிளாஸ்டர் துணியைச் சுற்றி அச்சு எடுப்பார்கள். அதற்குள் பிளாஸ்டர் கரைசலை ஊற்றினால் காலின் நகல் கிடைக்கும். அடுத்தது அரத்தால் இழைக்கும் வேலை. முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநார் சுமை தாங்கும்; நகலில் அங்கே இழைத்துக் குழிக்க வேண்டும். வெளிப்பக்கச் சிற்றெலும்பின் தலை தாங்காது. அங்கே பிளாஸ்டர் சேர்த்துப் பூச வேண்டும். மாற்றிச் செய்தால் புண்தான். அந்த நகல்மேல் சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டைப் படியவைத்து, காற்றை உறிஞ்சி சாக்கெட் செய்வார்கள்; எஞ்சிய கால் நுழைந்து உட்காரும் கூடு அதுதான். சிறிது தூரம் நடக்கவிட்டுக் கழற்றியதும் தோலைப் பார்க்க வேண்டும். சிவப்பு சுமார் பத்து நிமிடத்தில் மறையாவிட்டால் அழுத்தம் தவறான இடத்தில் விழுகிறது. முதல் சில மாதங்களில் எஞ்சிய கால் சுருங்கும், சாக்கெட் தளரும். உறைகளைக் கூட்டிப் போட்டும் சரியாகாவிட்டால் புது அச்சு எடுக்க வேண்டும்.

மணிக்கணக்கில் நின்று அரம் பிடிக்க உடல்பலம் தேவை. அது பழகப் பழக வரும். காலை இழந்தவரின் கோபம் முதலில் இவள்மேல்தான் பாயும். அதைப் பொறுக்க மனபலம் வேண்டும். "நான் எடுத்த அச்சு சரியில்லை, மறுபடி எடுக்கிறேன்" என்று நோயாளியிடம் சொல்லவும், எளிய செயற்கை மூட்டே போதும் என்கிறவருக்கு விலை உயர்ந்ததைத் தலையில் கட்டாமல் இருக்கவும் நேர்மை வேண்டும். இவளிடம் நான் எதிர்பார்ப்பது இந்தக் கடைசிப் பலத்தைத்தான்.

பட்டப்படிப்பு பெரும்பாலும் நான்கு ஆண்டுகள். பெயர் பெற்ற படிப்பு என்பதற்காக வீட்டை அடகு வைக்காதீர்கள். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எந்தக் கல்லூரியானாலும், கட்டணம் கட்டும் முன் இரண்டைக் கேளுங்கள்: உங்கள் நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு இந்தப் படிப்பை அங்கீகரித்திருக்கிறதா? படிப்பு முடிவதற்குள் ஒரு மாணவி தன் கையால் எத்தனை சாக்கெட் செய்து நோயாளிக்குப் பொருத்துவாள்? இரண்டாவதற்குத் தெளிவான எண் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அதற்கும் முன், ஒரு பட்டறையில் அனுமதி கேட்டு ஒரு நாள் முழுக்க அவளை உட்கார வையுங்கள். வந்து "வேண்டாம்" என்றால், இதையும் விட்டுவிடுவோம்.