மணல் அள்ளின குழி குளமானதால் கிணறு இறங்குது: என்ன செய்யலாம்?
அண்ணன், மட்டக்களப்பு கிரான் பக்கம் மணல் அள்ளின கிடங்கை (குழியை) குளமாக்கி, பக்கத்துக் காணிக்காரர் சிறுபோகத்துக்கு (கோடைப் பயிருக்கு) பம்பி வைத்து இறைக்கிறதால உங்கட கிணறு இறங்குது எண்டு எழுதியிருந்தீங்க. மணல் நிலத்தில அந்தக் குளம் நிலத்தடித் தண்ணி திறந்து நிக்கிற இடம். உங்கட கிணற்றுக்கும் அதே ஊற்றுத்தான். இறைக்காட்டியும் நட்டம் இருக்கு: நாளுக்கு 5 மி.மீ. ஆவியானால் ஓர் ஏக்கர் பரப்பில 20,000 லீட்டர் போயிடும்.

முதல்ல அளவு எடுங்க. நாடாவில இரும்பு நட்டு ஒண்டைக் கட்டி, விடியப்புறம் நீங்க தண்ணி அள்ள முதல், கிணற்றுக்கட்டு விளிம்பில இருந்து தண்ணி மட்டம் வரைக்கும் அளந்து கொப்பியில எழுதுங்க. பம்பி ஓடின நாள், ஓடாத நாள் ரெண்டையும் கட்டாயம் பிரிச்சுக் குறிக்கணும். இல்லாட்டி கோடையால இறங்கினது எண்டு தட்டிக்கழிப்பாங்க.

அகழ்வு அனுமதிப்பத்திரத்தில கிடங்கை நிரப்பச் சொல்லியிருக்கா எண்டதை, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்திடம் எழுத்தில கேளுங்க. பிறகு கொப்பிப் பிரதியோட பிரதேச செயலாளரிட்ட போங்க.