வான்கூவர் முறையில் மேற்கோள் எண்களும் நம் ஊர் ஆட்பெயர்களும்

பாளையங்கோட்டையில் முதுநிலை மருத்துவம் பயிலும் நீங்கள், ஆய்வுக் கட்டுரையின் மேற்கோள்களை அகர வரிசையில் அடுக்குவதா, நம் பெயர்களின் தலைப்பெழுத்தை எங்கே வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

1978இல் வான்கூவரில் கூடிய மருத்துவ இதழாசிரியர்கள் வகுத்த முறையில் அகர வரிசைக்கு இடமில்லை. கட்டுரையில் முதலில் குறிப்பிடப்படும் நூலுக்கு 1 என்று தொடங்கி, அதே நூல் பின்னர் எத்தனை முறை வந்தாலும் அந்த எண்ணையே இட வேண்டும். அட்டவணைக்குள் மட்டும் வரும் மேற்கோளுக்கு, அந்த அட்டவணை கட்டுரையில் முதலில் சுட்டப்படும் இடத்தைக் கொண்டே எண் அமையும். இதைப் பலர் தவறவிடுகிறார்கள்.

பெயர்தான் உண்மையான சிக்கல். நமக்குக் குடும்பப்பெயர் இல்லாததால், 'எஸ். சுடலைமுத்து' என்பவரை 'சுடலைமுத்து எஸ்' என்று, தலைப்பெழுத்தைப் பின்னே தள்ளி, புள்ளியின்றி எழுத வேண்டும். ஆனால் அவர் தந்தை பெயரை விரித்து 'சுடலைமுத்து சண்முகம்' என்று வெளியிட்டிருந்தால், மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட், கடைசிப் பெயரையே குடும்பப்பெயராகக் கொண்டு, பெரும்பாலும் 'சண்முகம் எஸ்' என்றே பதிந்திருக்கும். மனம் ஒப்பாவிட்டாலும், தேடுபவருக்குக் கட்டுரை கிடைக்க வேண்டும் என்பதால் அந்தப் பதிவையே பின்பற்றுவது நல்லது என்பேன்.

ஆசிரியர்கள் ஆறு பேருக்கு மேல் இருந்தால், பல இதழ்கள் முதல் அறுவரை மட்டும் எழுதி 'மற்றும் பிறர்' என்பதற்கான இலத்தீன் சுருக்கத்தை (et al.) சேர்க்கச் சொல்கின்றன. சில மூவரோடு நிறுத்தும். ஆகவே நீங்கள் அனுப்பும் இதழின் அறிவுரைப் பக்கத்தை முதலில் படியுங்கள். சோட்டேரோ போன்ற, மேற்கோள்களைத் தொகுக்கும் மென்பொருள் எண்களைத் தானே மாற்றிக்கொள்ளும். பெயர்ப் பிழைகளை மட்டும் நீங்கள்தான் கண்கொண்டு திருத்த வேண்டும்.