கொழுப்பு ஸ்டெம் செல் புராஜெக்ட்: மார்த்தாண்டத்திலிருந்து கேட்ட ஓர் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்குக் கொழுப்பிலிருந்து எடுக்கும் ஸ்டெம் செல்லை (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) பிள்ளை தேர்ந்தெடுத்ததும் உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். "கொழுப்பைப் படிச்சா யாரு வேலை தருவா?" என்பது உங்கள் கேள்வி. கொழுப்பைப் படித்ததற்காக யாரும் தரமாட்டார்கள்தான். ஆனால் மனித செல்லை உயிரோடும் சுத்தமாகவும் குணம் மாறாமலும் வளர்க்கத் தெரிந்தவர்கள் தடுப்பூசித் தயாரிப்பு, உயிரி மருந்து, மருந்துப் பரிசோதனைக் கூடம், ஆராய்ச்சி நிறுவனம் என்று எல்லா இடத்துக்கும் வேண்டும். அதனால் தலைப்பை விட்டுவிடுங்கள். அந்தச் செல்லை எந்தச் சூழலில் வளர்க்கப் போகிறாள், அதில் எதை மாற்றிப் பார்க்கப் போகிறாள் என்று கேளுங்கள்.

வீட்டில் ரப்பர் வெட்டு இருப்பதாகச் சொன்னீர்கள், அப்படியானால் விளக்குவது எளிது. ஒரே மரத்துப் பால்தான். நேரத்தோடு எடுத்து, அளவாக ஆசிட் விட்டு உறைய வைத்தால் ஷீட். சிரட்டையிலேயே கிடந்து உறைந்தால் ஒட்டுப்பால். மரத்தில் குறையில்லை, கையாண்ட விதம்தான் வேறு. கொழுப்பு ஸ்டெம் செல்லும் அப்படித்தான். ஒரே ஆளின் வயிற்றுக் கொழுப்பிலிருந்து வந்த செல்கள், வளர்த்த விதத்தைப் பொறுத்து வேகமாகப் பெருகலாம், சீக்கிரம் கிழடாகலாம், எலும்பு செல் பக்கமோ கொழுப்பு செல் பக்கமோ சாயலாம்.

இந்தச் செல்களை 2001-இல் கலிஃபோர்னியாவில் ஓர் ஆய்வுக் குழு விரிவாக எடுத்துக்காட்டியது. அறுவை அறையில் உறிஞ்சி எடுத்து வீசப்படும் கொழுப்பைக் கழுவி, திசுவைக் கரைத்துச் செல்லை விடுவிக்கும் கொலாஜனேஸ் நொதியில் 37 டிகிரியில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் குலுக்கி, சுழற்றினால் கொழுப்பு மேலே மிதக்கும், தேவையான செல்கள் அடியில் படியும். நொதியில் அதிக நேரம் விட்டால் செல் சாகும், குறைவாக விட்டால் செல் கிடைக்காது. புராஜெக்டுக்கு இந்தப் படி வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். மனிதத் திசு எடுக்க நன்கொடையாளரின் ஒப்புதலும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும், ஸ்டெம் செல் ஆய்வுக்கு 2017 தேசிய வழிகாட்டுதல்படி தனிக்குழுவும் உண்டு. அந்தக் கோப்பு நகர்வதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். ஏற்கெனவே அனுமதியோடு எடுத்து உறைய வைத்த செல் இருக்கும் கூடத்தைத் தேடுவதே புத்தி.

இனி எதை மாற்றிப் பார்ப்பது? பிள்ளைகள் முதலில் ஆசைப்படுவது ஆக்சிஜன். காரணம் நல்ல காரணம்தான்: உடம்புக்குள் கொழுப்புத் திசுவில் ஆக்சிஜன் சில சதவீதமே, செல் வளர்க்கும் சாதாரண இன்குபேட்டர் பெட்டியிலோ கிட்டத்தட்ட வெளிக்காற்றின் அளவு. 2 முதல் 5 சதவீதத்தில் வளர்த்தால் பெருக்கம் கூடுவதாகவும், ரத்தக்குழாய் வளர உதவும் புரதங்கள் அதிகம் சுரப்பதாகவும் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அதற்கு நைட்ரஜன் செலுத்தி ஆக்சிஜனைக் குறைக்கும் தனி இன்குபேட்டர் வேண்டும். வெளியே வைத்திருந்த மீடியாவை (செல்லுக்கு உணவாகும் திரவம்) அப்படியே ஊற்றினால், அதில் கரைந்த ஆக்சிஜன் இறங்கச் சில மணி நேரம் ஆகும். அதுவரை செல் இருப்பது பழைய காற்றில்தான். ஆனால் நோட்டில் "5 சதவீதம்" என்று பதிவாகியிருக்கும்! முந்தின இரவே மீடியாவை அந்த இன்குபேட்டருக்குள் வைத்துப் பழக்கும் கூடம் என்றால் சரி. இல்லையென்றால் இந்தத் தலைப்பு வேண்டாம்.

நாங்கள் சொல்வது குளுக்கோஸ். செல் வளர்ப்பு மீடியா இரண்டு வகையாகக் கிடைக்கிறது: லிட்டருக்கு 1 கிராம் குளுக்கோஸ், லிட்டருக்கு 4.5 கிராம் குளுக்கோஸ். சுகர் டெஸ்ட் கணக்கில் சொன்னால் முதலாவது 100, இரண்டாவது 450. வீட்டில் யாருக்காவது சுகர் இருந்தால் 450 என்றால் என்ன என்று சொல்லவே வேண்டாம். பல கூடங்கள் பழக்கத்தால் இரண்டாவதையே ஊற்றுகின்றன. அதில் நெடுநாள் இருந்த செல்கள் சீக்கிரம் முதுமை காட்டியதாகச் சில ஆய்வுகளும், பெரிய வேறுபாடில்லை என்று சிலவும் சொல்கின்றன. முடிவு ஒன்றாக இல்லாத இடம்தான் மாணவிக்கு நல்ல இடம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. குளுக்கோஸ் கூடினால் கரைசலின் அடர்த்தியும் கூடும், செல்லிலிருந்து நீரை இழுக்கும். கண்ட மாற்றம் சர்க்கரையாலா, அந்த இழுப்பாலா என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் என்ன பதில்? அதற்காக மூன்றாவதாக ஒரு குழு வேண்டும்: குறைந்த குளுக்கோஸ் மீடியாவில், அந்த 3.5 கிராம் வித்தியாசத்துக்கு ஈடாக, 19.5 மில்லிமோலார் மானிட்டால் (சர்க்கரை போன்ற ஒரு பொருள்) சேர்த்தது. செல்லுக்கு அது உணவாகாது, ஆனால் அடர்த்தி 4.5 கிராம் மீடியாவுக்குச் சமமாகும். இந்த ஒரு வரி ஆய்வுத் திட்டத்தில் இருந்தால், நேர்காணலில் பிள்ளை தலைநிமிர்ந்து பேசலாம்.

மாற்றுவது ஒன்று என்றால் மற்றதெல்லாம் அசையக் கூடாது. சதுர சென்டிமீட்டருக்கு 4,000 செல் என்று விதைத்தால் 25 சதுர சென்டிமீட்டர் ஃப்ளாஸ்க்குக்கு ஒரு லட்சம் செல். எல்லா ஃப்ளாஸ்க்கிலும் அதே எண்ணிக்கை. எழுபது, எண்பது சதவீதம் நிரம்பியதும் பிரித்துப் புது ஃப்ளாஸ்க்குகளுக்கு மாற்ற வேண்டும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று நெருக்கியடிக்க விட்டால் செல்கள் பெருகுவதை நிறுத்தித் தானாகவே குணம் மாறத் தொடங்கும். ஒட்டியிருக்கும் செல்லை விடுவிக்கும் ட்ரிப்சின் நொதியில் மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும், மைக்ரோஸ்கோப்பில் செல்கள் உருண்டதும் சீரம் (ரத்தத்தின் தெளிந்த திரவம்) கலந்த மீடியா விட்டு நிறுத்தணும். மூன்றாம் பாசேஜ் (மூன்றாம் தடவை பிரித்து வளர்த்த) செல்லோடு ஆறாம் பாசேஜ் செல்லை ஒப்பிடவே கூடாது. கன்றுக்குட்டி சீரம் ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணிலிருந்து தொடக்கத்திலேயே மொத்தமாக எடுத்து வைக்கணும். லாட் மாறினால் வளர்ச்சி மாறும், பழி குளுக்கோஸ் மேல் விழும்.

கெட்டுப்போவதைக் கண்ணால் பிடிக்கப் பழகணும். மீடியா சிவப்பிலிருந்து மஞ்சளானால் கிருமியோ நெரிசலோ. ஊதா கலந்த இளஞ்சிவப்பானால் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் காலி. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஈரக்காற்றில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். இன்குபேட்டர் தண்ணீர்த் தட்டை வாராவாரம் கழுவி, கிருமி நீக்கிய நீர் வைக்கணும். மைக்கோபிளாஸ்மா என்ற நுண்கிருமி மட்டும் கண்ணுக்குத் தெரியாது, மீடியாவையும் கலங்க வைக்காது. செல்சுவர் இல்லாததால் பெனிசிலினும் அதைத் தொடாது. கிருமியின் டி.என்.ஏ.வைக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். பரிசோதனை செய்யாமல் எந்த முடிவையும் நம்ப வேண்டாம்.

காலக் கணக்கு போட்டுப் பாருங்கள். உறைந்த குப்பியை உருக்கி முதல் பிரிப்புக்கு ஏறக்குறைய ஒரு வாரம், அடுத்த பிரிப்புக்கு இன்னொரு வாரம். எலும்பு செல்லாக மாறுகிறதா என்று பார்க்க 21 நாள், கொழுப்பு செல்லுக்கு இரண்டு வாரம். இதை மூன்று நன்கொடையாளர் செல்களில் செய்யணும். நடுவில் ஒரு கன்டாமினேஷன் வந்தால் மூன்று வாரம் போச்சு. ஜனவரியில் தொடங்குகிறவள் பிப்ரவரி பாதிக்குள் முதல் 21 நாள் சோதனையை ஆரம்பித்திருந்தால்தான் ஏப்ரலில் எழுத முடியும்.

ஆறு நாள் "ஸ்டெம் செல் பயிற்சி"க்குப் பணம் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு குப்பியை உருக்கி முதல் தடவை பிரிக்கவே ஆறு நாள் போய்விடும். அதில் பிள்ளை தன் கையால் என்ன செய்வாள் என்று கேளுங்கள். உருக்குவது, எண்ணுவது, பிரிப்பது, மறுபடி உறைய வைப்பது இந்த நான்கும் அவள் கையால் இல்லையென்றால், வாங்குவது வெறும் சான்றிதழ்.

தூரமாக அனுப்பப் பயப்படுகிறீர்கள். குழித்துறையில் ரயிலேறினால் திருவனந்தபுரம் பக்கம்தான். அங்கே ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவும், ராஜீவ் காந்தி உயிர்தொழில்நுட்ப மையமும் இருக்கின்றன. இடம் கேட்டுக் கல்லூரித் துறைத்தலைவர் கடிதத்தோடு மூன்று நான்கு மாதம் முன்பே எழுதணும். எழுதும்போது "ஸ்டெம் செல்லில் ஆர்வம்" என்று மட்டும் எழுதினால் பதில் வராது. குறைந்த குளுக்கோஸ், அதிகக் குளுக்கோஸ், மானிட்டால், மூன்று நன்கொடையாளர், பி.சி.ஆர். என்று அரைப் பக்கத் திட்டம் இணைக்கச் சொல்லுங்கள்.

படித்து முடித்தபின் சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு பிஎச்.டி. சேரலாம், வீட்டுப் பணம் தேவைப்படாது. பிஎச்.டி. வேண்டாம் என்றால் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகளுக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே மார்க் ஷீட்டுக்கு அடுத்ததாகக் கேட்பது ஆய்வக நோட்டை. தேதி, பாசேஜ் எண், சீரம் லாட், விதைத்த எண்ணிக்கை, எடுத்த எண்ணிக்கை, எந்த ஃப்ளாஸ்க் கெட்டது, ஏன் என்று கெட்டதையும் மறைக்காமல் எழுதிய நோட்டு. இந்த வாரமே ஒரு கட்டி அட்டை நோட்டு வாங்கிக் கொடுங்கள், பக்க எண் போட்டது. தாளைக் கிழித்தால் தெரிய வேண்டும்.